டாட்ஜின் கூரைமேல் ஓர் அச்சு

கே.கே. நகர், திருச்சி
18.11.2024

நமஸ்காரம்.

இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம். இவ்விடம் அப்படியொன்றும் க்ஷேமமில்லை என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

அப்பா போன் பண்ணினால் எடும்மா என்று மேகனா கெஞ்சுகிறாள். எடுத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், பாவம் மாப்பிள்ளை சரத்குமார் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். கடிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

நான் எதற்காகக் கோபித்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்தேன் என்று உங்களுக்குப் புரியவேயில்லை என்றீர்களாம். சொல்கிறேன். கல்யாணமான புதிதில் எடுத்துக்கொண்ட சங்கல்பம் உங்களுக்குத் தெரியும். திவ்யதேசங்கள் எல்லாம் சேவித்து முடிக்கும்வரை சுயம்பாகம்தான், என் கையால் சமைத்ததைத் தவிர வேறு எதுவும் சாப்பிடுவதில்லை என்று. சோழநாடு, பாண்டிநாடு, வடநாடு எல்லாம் ஆயிற்று. கேரளத்தில் இருக்கும் மலைநாட்டுப் பெருமாள்கள் மட்டும் பாக்கி. அதற்குள் இந்த வியாதி வந்துவிட்டது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வஹீதா சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். "இப்போதைக்கு கீமோ போதும்மா. தை பிறக்கிற வரைக்கும் உடம்பு தேறட்டும். எங்கயாவது போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க" என்றாள். "இப்பவே" என்று அவள் ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

ரயிலில் கூட்டம் கூடாது, லாட்ஜ் கட்டில் கூடாது, வெளிச்சாப்பாடு நான் தொட மாட்டேன். அப்போது நீங்கள்தான் சொன்னீர்கள், உங்கள் பழைய டாட்ஜ் காருக்குப் பின்னால் அடுப்பும் படுக்கையும் வைத்து ஒரு வண்டி கட்டி இழுத்துப் போகலாம் என்று. சின்ன வீடு வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் எவ்வளவு பிரியம் வந்தது தெரியுமா?

பொன்மலைப் பட்டறைக்காரர் மருதையும் அழகாகக் கட்டிக் கொடுத்தார். வெள்ளோட்டத்தில் கொள்ளிடம் பாலத்தில் அது பின்னால் வாலாட்டி வாலாட்டி நம் காரையே கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் மோதப் பார்த்தது. திரும்பி வந்தால் சித்திரை வீதி முனையில் வளையவில்லை. பெருமாள் காப்பாற்றினார். மருதை இரண்டு நாள் யோசித்துவிட்டு வழியும் சொன்னார். காரின் கூரையில் ஒரு துளை, அதில் ஓர் அச்சு, அதன்மேல் வண்டியின் கழுத்து வந்து உட்கார வேண்டும். அதற்கு நீங்கள் சொன்ன பதில்: "அதுக்கு என் தலையில ஓட்டை போடுங்கோ. டாட்ஜ் மேல கை வெக்காதீங்கோ."

நான் அங்கேயே நின்றிருந்தேன். மருந்து ஏற்றுவதற்காக என் மார்பில் துளை போட்டுக் குழாய் வைத்தார்களே, அதற்கு நீங்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். காருக்குப் போட மனம் வரவில்லை. இப்போது புரிகிறதா?

வைதேஹி

*

ஸ்ரீரங்கம்
23.11.2024

சௌ. வைதேஹிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ கணக்கு டீச்சர். எதையும் எதையும் சமன் செய்து காட்டிவிடுவாய். உனக்குப் போட்ட துளை உயிர் காக்க. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதே.

மருதை சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. "ரயில் பெட்டி பின்னாடியா தொங்குதுங்க? அடியில இருக்கிற சக்கரச் சட்டம், போகிம்பாங்க, அது மேல உக்காந்திருக்கு. நடுவுல ஓர் அச்சு. பெட்டி ஒரு பக்கம் பாக்கும், சக்கரம் ஒரு பக்கம் திரும்பும். அதே மாதிரிதாங்க இதுவும். பாரத்தைக் காரோட வாலில் கட்டாதீங்க, முதுகில் ஏத்துங்க" என்கிறார். வெளிநாட்டில் யாரோ இப்படிச் சின்னக் கார் கூரையில் பூட்டி இழுத்துப் போகும் படத்தைத் தன் போனில் காட்டினார். கார் அந்தக் கழுத்துக்கு அடியிலேயே முழு வட்டம் சுற்றுகிறது. ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அதற்குப் பின்சீட்டைக் கழற்றி, சேஸிஸிலிருந்து நாலு இரும்புத் தூண் எழுப்பிக் கூரையைத் துளைக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷத்து டாட்ஜ். சர்க்கரை ஆலை முற்றத்தில் கோழி அடைத்து வைத்திருந்ததை நான் எடுத்து வந்தது உனக்குத் தெரியும். முட்டை நாற்றம் போகவே ஒரு கோடை ஆயிற்று. கதவுக் கைப்பிடிக்குக் கல்கத்தா வரை அலைந்தேன். கூரையின் பெயின்ட் மட்டும்தான் கம்பெனியில் அடித்தது அப்படியே இருக்கிறது. எத்தனையோ பேர் லக்கேஜ் கேரியர் வைக்கச் சொன்னார்கள், வைக்கவில்லை.

ஆபீஸில் நான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததுதான் என் எல்லாக் காரியமும். குறையில்லாமல் செய்தது இது ஒன்றுதான். அதையும் நானே குலைக்க வேண்டுமா?

வேறு வழி யோசிக்கிறேன். கோபத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வா. கோவில் பிரசாதமும் மெஸ் சாதமுமாக ஓடுகிறது.

யதிராஜன்

*

கே.கே. நகர்
29.11.2024

நமஸ்காரம்.

குறையில்லாமல் செய்தது இது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்குத் தளிகை செய்து போட்டேன். ஒரு நாள் சாத்துமுதில் உப்பு தூக்கலாக இருந்ததாக ஞாபகமா? அது ஒரு காரியமில்லையா? அதற்கு ஒருவரும் கார்க் கண்காட்சி மாதிரி கோப்பை கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டாட்ஜை நான் வெறுப்பதாக நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த எஞ்சின் சத்தம் பிடித்ததும் திரும்பி என்னைப் பார்ப்பீர்களே, அந்த முகத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். உட்கார்ந்தால் மெத்தென்று, கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி இருக்கும். அதில் மலைநாடு போக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். தன் காரில் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் காரில் அடுப்பு இல்லை, படுக்கை இல்லை. இழுக்கிற தெம்பும் இல்லை.

உடம்பு இப்போது நன்றாக இருக்கிறது. பால்கனியில் தனியாக ஓர் அடுப்பு வைத்துக்கொண்டு என் சாதத்தை நானே வடித்துக்கொள்கிறேன். மேகனா வீட்டுச் சமையலறையில் முட்டையும் வெங்காயமும் ராஜ்யம் நடத்துகின்றன. நேற்று மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன், மூச்சு வாங்கவில்லை. இப்போது கிளம்பினால் போய் வந்துவிடுவேன். எனக்குத் தெரிகிறது.

வேறு வழி யோசிப்பதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று?

வைதேஹி

*

ஸ்ரீரங்கம்
9.12.2024

சௌ. வைதேஹிக்கு ஆசீர்வாதம்.

நாள் தள்ளிப்போனதற்கு வருத்தப்படாதே. மருதையோடு உட்கார்ந்து எல்லாம் பார்த்தேன். பின்னால் பூட்டி, கம்பிச் சட்டம் வைத்துப் பாரத்தைப் பரத்தினால் ஆட்டம் குறையும் என்றார். ஆனால் செங்கோட்டை தாண்டிய மலைப்பாதைக் கொண்டை ஊசிகளில் அது உதவாது, நம் தெரு முனையிலும் வளையாது என்றும் அவரே சொல்லிவிட்டார். ஆக, கூரைதான் வழி. ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் வாரம் சென்னையில் பழைய கார்க் கண்காட்சி. இந்தத் தடவை டாட்ஜுக்கு முதல் பரிசு கிடைக்கும் என்று, தானும் பழைய கார் வைத்திருக்கும் கோயம்புத்தூர் ஜனார்தன் அடித்துச் சொல்கிறார். நடுவர்கள் ஒவ்வோர் ஆணியாகப் பார்ப்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். கண்காட்சி முடிந்து கார் திரும்பியதும் நேரே பொன்மலைதான். மருதை ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். பொங்கலுக்குக் கிளம்பிவிடலாம். டாக்டர் சொன்னதும் தைதானே?

இதுவரை காத்திருந்தாய். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்லிவிடாதே.

யதிராஜன்

*

கே.கே. நகர்
14.12.2024

நமஸ்காரம்.

சென்னைக்குப் போய் வாருங்கள். பரிசு கிடைக்கட்டும்.

தை வரைக்கும் மருந்து இல்லை என்றுதான் டாக்டர் சொன்னாள். தையில் கிளம்பச் சொல்லவில்லை. இதைக்கூட ஒரு கணக்கு டீச்சர்தான் சொல்ல வேண்டுமா?

மருதைக்கு நானே போன் பண்ணி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "ஏம்மா, சாமி சம்மதிச்சுட்டாருன்னாரே" என்றார். சம்மதம் வேறு, மனசு வேறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. டாட்ஜின் கதவில் ஒரு கீறல் விழுந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவிப் பார்ப்பீர்கள். என் மார்பில் குழாய் வைத்த இடத்தை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு நர்ஸ் பிரான்சிதான் "ஐயா, வந்து பாருங்க, நல்லா ஆறிடுச்சு" என்று கூப்பிட்டாள். நீங்கள் வராந்தாவிலேயே நின்றீர்கள். பயம் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

வைதேஹி

*

ஸ்ரீரங்கம்
27.12.2024

வைதேஹி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

பயம்தான். நீ நினைத்தது சரி. உன் உடம்பில் என்னால் பழுது பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது என்று பார்க்கப் பயந்தேன். ஷெட்டுக்குள் போனால் எல்லாமே பழுது பார்க்கக் கூடியதாக இருந்தது. அதனால் அங்கேயே இருந்துவிட்டேன்.

டாட்ஜைச் சென்னைக்கு ஏற்றிப் போக லாரி வந்து நின்றது. கூரையை ஒரு முறை துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை. லாரிக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காரை நேரே பொன்மலைக்கு ஓட்டினேன். ஜனார்தன் போனில் கத்தினார். கத்தட்டும்.

மருதை அம்மா சொன்னால்தான் ஆரம்பிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மாவின் கோபத்துக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பின்சீட்டைக் கழற்றித் தூண்களை நிறுத்தினோம். கூரைக்கு வந்ததும் டிரில் மெஷினை என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே போடுங்க சாமி. நான் போட்டா நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க. உங்க கையாலன்னா யாரைத் திட்டுறது?" என்றார். சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

நானே போட்டேன், வைதேஹி. ஒரு டபராவின் வாயளவு. சத்தம் பல்லைக் கூச வைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், சீட் இருந்த இடத்தில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது. அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது, காரைப் பற்றி அல்ல.

நேற்று வெள்ளோட்டம். வண்டியின் கழுத்து டிக்கிக்கு மேலே வளைந்து வந்து கூரையில் உட்கார்ந்திருக்கிறது. ஒட்டகத்துக்கும் டாட்ஜுக்கும் பிறந்தது போல இருக்கிறது. சித்திரை வீதி முனையில் கார் தன் பாட்டுக்குச் செங்குத்தாகத் திரும்பியது, வண்டி பின்னாலேயே பணிவாக வந்தது. பூக்கடை ஆனந்தவள்ளி கூடையைக்கூட நகர்த்தவில்லை. "மாமா, காருக்குக் கழுத்து மொளைச்சிருக்கு! மாமி எங்க?" என்று கத்தினாள். கொள்ளிடம் பாலத்தில் ஓர் ஆட்டமில்லை. பாரம் முழுக்க நடுமுதுகில் இருப்பதால் கார் இன்னும் நிதானமாக ஓடுகிறது. மழை பெய்தால், பிரேக் போடும்போதெல்லாம் துளைத் தண்ணீர் முன்னால் ஓடி வந்து டிரைவர் மண்டையில் சொட்டும் என்று மருதை எச்சரித்திருக்கிறார். சொட்டட்டும், டிரைவர் நான்தானே.

தைக்குக் காத்திருக்க வேண்டாம். எப்போது வரட்டும்? சொல், உடனே கிளம்பலாம். திருநாவாய், திருவல்லவாழ், திருவாறன்விளை, நீ சொல்கிற வரிசையில்.

யதிராஜன்

*

கே.கே. நகர்
3.1.2025

நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை மேகனா படித்துக் காட்டினாள். நடுவில் படிக்க முடியாமல் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். மீதியை நானே வாங்கிப் படித்தேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து இருமல். பனி என்று நினைத்தேன். டாக்டர் வஹீதா ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். மூச்சுப்பையிலும் வந்துவிட்டது. தைவரை காத்திருக்க முடியாது என்று திங்கட்கிழமையே மருந்து ஏற்றிவிட்டார்கள். இந்த முறை மருந்து கடுமையானது. பயணம் கிடையாது. இந்தச் சுற்று முடிந்த பிறகாவது போகலாமா என்று நான் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று மேகனாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவளைக் கோபிக்காதீர்கள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கார்த்திகையில் அந்தத் துளையைப் போட்டிருந்தால், நான் இந்நேரம் மலைநாட்டைச் சேவித்துவிட்டு வந்திருப்பேன். மாடிப்படி ஏறியும் மூச்சு வாங்காத நாட்கள் அவை. கண்காட்சிக்குக் காத்திருந்ததில் அந்த நாட்கள் போயின. இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கும் வலிக்கிறது. நான் ஒருத்தியாகவே மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மற்றபடி இங்கே எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அடுப்பின் முன்னால் நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது. மோரும் வாழைப்பழமுமாக ஓடுகிறது. சங்கல்பம் இருக்கிறதே. மேகனா அழுகிறாள், சரத்குமார் தன் பங்குக்குக் குளித்துவிட்டுச் சமைக்கட்டுமா என்று கேட்டார். நல்ல பிள்ளை. யாத்திரை முடியாமல் எப்படி இன்னொருவர் கையால் சாப்பிடுவது?

வைதேஹி

*

ஸ்ரீரங்கம்
7.1.2025

வைதேஹி,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அந்த நாட்களை நான்தான் தின்றேன். மன்னிப்புக் கேட்கத் தகுந்த வார்த்தை என்னிடம் இல்லை. தேடிக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் நாள் போகும்.

மோரும் வாழைப்பழமும் போதாது. உனக்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று டாக்டர் வஹீதா என்னிடமும் போனில் சொன்னாள். அதனால் நான் ஒன்று செய்திருக்கிறேன். எதிர்வீட்டு சுபஸ்ரீயிடம் தளிகை கற்றுக்கொள்கிறேன். முதல் நாள் சாதம் குழைந்து கூழாயிற்று. இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. "மாமா, கார்ல கியர் மாத்தற மாதிரி அடுப்பைத் திருகாதீங்கோ" என்று அவள் திட்டினாள். நேற்று சாத்துமுது சாத்துமுது மாதிரியே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன், எனக்கு ருசி தெரியவில்லை.

வண்டியில் உனக்காகக் கட்டிய அடுப்பு இருக்கிறது. அதில் வேறு யாரும் எதுவும் சமைத்ததில்லை. கழுவித் துடைத்து மடியாக வைத்திருக்கிறேன். மேகனா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த சரத்குமார் இடம் பார்த்துவிட்டார். நீ மலைநாடு போக முடியவில்லை, வண்டி காவேரிப் பாலம் தாண்டி உன்னிடம் வரும். காலையில் குளித்து, மடி உடுத்தி, நான் அங்கேயே தளிகை செய்து உன் அறைக்கு எடுத்து வருவேன்.

என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். என் கையால் நீ ஒரு கவளம் சாப்பிட்டால், யாத்திரை முடியாது என்று நீ ஒப்புக்கொண்டதாக ஆகும். அதைக் கேட்கும் உரிமை எல்லாரையும்விட எனக்குத்தான் குறைவு. இருந்தும் கேட்கிறேன். சாப்பிடு, வைதேஹி. இல்லையென்றாலும் வாசலில் சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. அந்தத் தழும்பைப் பார்க்க வேண்டும். காட்டுவாயா?

யதிராஜன்

*

கே.கே. நகர்
11.1.2025

நமஸ்காரம்.

வைகுண்ட ஏகாதசி உபவாசம் நேற்று. இன்று துவாதசி. மேகனா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு யோசித்தேன். பாக்கியிருக்கும் பெருமாள்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இங்கிருந்தபடியே சேவித்துக்கொண்டேன். வர முடியவில்லை, கால் வரவில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அழுகை வந்தது. நின்ற பிறகு மனசு லேசாகத்தான் இருந்தது.

சங்கல்பத்தை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதற்காக அல்ல. பசிக்கிறது.

அரிசியை நன்றாகக் குழைய விடுங்கள், வாயெல்லாம் புண். புளி வேண்டாம். மிளகும் கொஞ்சமாக. நெய்யைக் காய்ச்சிய உடனே விடாதீர்கள், எனக்குக் குமட்டும். பத்தியச் சாதம் வைக்கிற பக்குவம் சுபஸ்ரீக்குத் தெரியாது, வந்ததும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் கேட்ட மற்றதையும் காட்டுகிறேன்.

மலைநாட்டுப் பெருமாள்கள் என்னை மன்னித்துவிடுவார்கள், அது அவர்கள் பாடு. உங்களை மன்னிப்பது என் பாடு. இன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கிறேன். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள், அதுவரை தினமும் வந்து சமைத்துப் போடுங்கள்.

வைதேஹி